கறிக்கு வளர்க்கிற கன்னு: கடைசி நாள்ல இருந்து பின்னாடி எண்ணிட்டு வாங்க

கேள்வி: டாக்டர், வீட்டுக்குப் பின்னாடி எங்களுக்கு கொஞ்சம் மேய்ச்சல் இடம் இருக்கு. போன வாரம் 2 மாசக் காளைக்கன்னு ஒண்ணு வாங்கிட்டு வந்தோம், பால் மாட்டுக்குப் பிறந்தது. வளர்த்து வீட்டுக் கறிக்கே வெச்சுக்கலாம்னு எண்ணம். மாமனார், "மிச்ச சாப்பாடும் தவிடும் போட்டு ஒரு ஓரமா கட்டிப் போடு, தானா வளரும்"ங்கிறார். எத்தனை மாசம் ஆகும்? என்ன தீவனம் போடணும்? காயடிக்கணுமா? ஊசி மருந்து போட்டா கறியில இறங்குமா? இன்னொண்ணு, 9 வயசு மகள் அதுக்கு கருப்பன்னு பேர் வெச்சுட்டா, ஸ்கூல் விட்டு வந்தா அது கூடவே தான் இருக்கா. அவகிட்ட எப்படி சொல்றதுன்னே தெரியல.

பதில்: சகோதரி, நீங்க கேட்ட வரிசையில பதில் சொல்லாம தலைகீழா சொல்லப் போறேன். காரணம் இருக்கு. இத்தனை வருஷத்துல வீட்டுல கறிக்கு மாடு வளர்த்தவங்க என்கிட்ட ஓடி வந்த கேஸை எல்லாம் நினைச்சுப் பார்த்தா பாதிக்கு மேல ஒரே கதை தான், கன்னு வாங்குற அன்னிக்கு தீவனத்தைப் பத்தி மட்டும் யோசிச்சிருப்பாங்க, கடைசி நாளைப் பத்தி யாருமே பேசியிருக்க மாட்டாங்க. மாடு 450 கிலோவுக்கு வளர்ந்து நிக்கும்போது தான் யார் அறுப்பாங்க, எங்க அறுக்கிறது, இவ்வளவு கறியை எங்க வைக்கிறதுன்னு தேட ஆரம்பிப்பாங்க. அந்த அவசரத்துல படுறது மாடு தான். அதனால கடைசி நாளை முதல்ல முடிவு பண்ணிட்டு அங்க இருந்து பின்னாடி எண்ணிக்கிட்டே இன்னிக்கு வரைக்கும் வருவோம்.

முதல் விஷயம் சட்டம். மாட்டை வீட்டுல அறுக்கலாமா, லைசென்ஸ் உள்ள கூடத்துல தான் அறுக்கணுமா, மாட்டை அறுக்கவே அனுமதி இருக்கா இல்லையா, எந்த வயசுக்கு மேல, யார்கிட்ட சான்றிதழ் வாங்கணும், இதெல்லாம் இடத்துக்கு இடம் முழுசா மாறும். உங்க பகுதி கால்நடை அலுவலகத்துல நேர்ல போய் கேட்டுட்டு வாங்க, அக்கம்பக்கத்துல சொல்றதை நம்பி இறங்காதீங்க. அனுமதி இல்லைன்னா இந்தக் கன்னைக் கறிக்கு வளர்க்கிற பேச்சை இப்பவே விட்டுடுங்க.

அனுமதி இருந்தா, டாக்டர் பரிசோதனை உள்ள கூடத்துலயே அறுக்கிறது தான் நல்லதுன்னு நான் சொல்வேன். அங்க அறுக்கிறதுக்கு முன்னாடி உயிரோட ஒரு தடவை பார்ப்பாங்க, அறுத்த பிறகு நுரையீரல், ஈரல், நெறிகட்டி எல்லாத்தையும் கீறிப் பார்ப்பாங்க. மாட்டுக் காசநோய் வெளிய பளபளன்னு இருக்கிற மாட்டுக்குள்ளயும் இருக்கும், நெறிகட்டியைக் கீறினா தான் உள்ள கட்டிகட்டியா சுண்ணாம்பு மாதிரி தெரியும். நாடாப்புழுவோட கூடு நாக்குலயும் தாடைச் சதையிலயும் இதயத்துலயும் அரிசி அளவுல இருக்கும். பழகாத கண்ணுக்கு இது எதுவும் பிடிபடாது.

அறுக்கிற முறையைப் பத்தியும் இப்பவே கேட்டு வைங்க. போல்ட் துப்பாக்கியால (குண்டுக்குப் பதிலா இரும்புக் கம்பி பாய்ஞ்சு அடிக்கிற கருவி) நெத்தியில அடிச்சு மயக்கம் வர வெச்சுட்டு, ஒரு நிமிஷத்துக்குள்ள ரத்தக்குழாயை வெட்டி ரத்தத்தை முழுசா வடிக்கிறாங்களான்னு கேளுங்க. அந்த அடி விழ வேண்டிய இடம் ரெண்டு கண்ணுக்கும் நடுவுலன்னு பல பேர் நினைக்கிறாங்க, அது தப்பு. ஒவ்வொரு கண்ணுல இருந்தும் எதிர்ப்பக்கக் கொம்படிக்கு ஒரு கோடு போட்டா அந்த ரெண்டு கோடும் வெட்டிக்கிற இடம், அதாவது கண்ணுக்கு நல்லா மேல. இது தெரியாதவர் கையில மாட்டைக் கொடுக்கக் கூடாது, அவர் எவ்வளவு வேண்டப்பட்டவரா இருந்தாலும் சரி.

ஒரு வீட்டுல நடந்ததை சொல்றேன். நல்லா வளர்த்த மாடு, 2 வருஷம் பாசமா பார்த்துக்கிட்டாங்க. அறுக்கிற அன்னிக்கு வண்டியில ஏற மாட்டேன்னு நின்னுச்சு, அதுக்கு வண்டியே தெரியாது, பலகை மேல கால் வெச்சுப் பழக்கமே இல்லை, 4 பேர் சேர்ந்து வாலை முறுக்கி குச்சியால அடிச்சு அரை நாள் துரத்தி ஒரு வழியா ஏத்திட்டாங்க. மறுநாள் கறியை எடுத்துட்டு என்கிட்ட வந்து என்ன நோய்னு கேட்டாங்க. துண்டு கருஞ்சிவப்பா கிட்டத்தட்ட கருப்பா இருந்துச்சு, விரல் வெச்சா ஒட்டுச்சு, ஈரமே இல்லாம இறுகிக் கிடந்துச்சு. நோய் எதுவும் இல்லைங்க. மாட்டோட சதையில கிளைக்கோஜன்னு ஒரு சர்க்கரைச் சேமிப்பு இருக்கும், அறுத்த பிறகு அது லாக்டிக் அமிலமா மாறி சதையோட பிஎச் அளவை (புளிப்பைக் காட்டுற எண், அது குறையக் குறைய புளிப்பு கூடும்) 7ல இருந்து 5.5 பக்கம் இறக்கும், அதனால தான் கறி நல்ல சிவப்பா மிருதுவா வரும், சீக்கிரம் கெடாம இருக்கும். பயந்து ஓடி மூச்சு வாங்கின மாடு அந்தச் சேமிப்பை உயிரோட இருக்கும்போதே தீர்த்துடும், பிறகு பிஎச் 6க்கு மேலயே நின்னுடும், கறி கருக்கும், சீக்கிரமே கெட்டுப் போகும். 2 வருஷ உழைப்பு அரை நாள்ல போச்சு, அதை விட எனக்கு வலிச்சது அந்த மாடு கடைசியா பார்த்தது தன்னை வளர்த்தவங்க கையில இருந்த குச்சியை.

அதனால கருப்பனுக்கு இப்பவே தலைக்கயிறு போட்டு தினம் 10 நிமிஷம் நடத்திப் பழக்குங்க. கடைசி சில மாசத்துல ஒரு வண்டியைக் கொண்டு வந்து நிறுத்தி அதுக்குள்ள தீவனம் வெச்சு தானா ஏறி இறங்க விடுங்க. போற நாளுக்கு முன்னாடி 12ல இருந்து 24 மணி நேரம் தீவனம் வேண்டாம், தண்ணி மட்டும் கடைசி வரைக்கும் தாராளமா இருக்கணும்.

அடுத்து கறியோட கணக்கு, இதுல தான் நிறைய பேர் ஏமாந்து போறாங்க. 450 கிலோ மாடுன்னா 450 கிலோ கறி இல்லை. பால் மாட்டு வகைக் காளையில தோல், தலை, குடல், ரத்தம் எல்லாம் போக உடல் எடையில 52ல இருந்து 55 சதவீதம் தான் உரிச்ச உடலா நிக்கும், அதுலயும் எலும்பு, வேண்டாத கொழுப்பு, காயுற எடை எல்லாம் கழிச்சா உங்க கைக்கு வர்றது 150ல இருந்து 160 கிலோ. ஆங்கஸ், ஹியர்ஃபோர்ட் மாதிரி கறி இனத்துல இன்னும் கொஞ்சம் கூட நிக்கும், ஆனா நீங்க வாங்கினது பால் இனம், அதை அப்படியே ஏத்துக்கணும். 160 கிலோ வைக்க 300 லிட்டர் ஃப்ரீசர் முழுசா வேணும், மைனஸ் 18 டிகிரில நிக்கிறதா இருக்கணும், கரன்ட் அடிக்கடி போற இடம்னா அதுக்கும் வழி பார்த்து வைக்கணும். அரைச்ச கறி 3, 4 மாசம் தான் ருசி மாறாம இருக்கும், முழுத் துண்டு 6 மாசத்துல இருந்து ஒரு வருஷம். உங்க வீட்டுல 4 பேர்னா மாசம் 13 கிலோ சாப்பிட்டா தான் ஒரு வருஷத்துல தீரும். முடியுமா? முடியாதுன்னா இன்னொரு குடும்பத்தை இப்பவே பங்குக்கு சேர்த்துக்கோங்க, தீவனச் செலவும் பாதியாகும்.

அறுத்த உடனே கறியை ஃப்ரீசர்ல தள்ளிடாதீங்க. சூடு ஆறுறதுக்கு முன்னாடியே வேகமா உறைய வெச்சா சதை சுருங்கி ரப்பர் மாதிரி ஆயிடும், எவ்வளவு வேக வெச்சாலும் இளகாது. படிப்படியா குளிர வெச்சு 0ல இருந்து 4 டிகிரிக்குள்ள 7ல இருந்து 14 நாள் தொங்க விட்டா சதைக்குள்ள இருக்கிற என்சைம்களே நாரை உடைச்சு மிருதுவாக்கிடும். இந்த வசதி கூடத்துல இருக்கான்னும் முதல்லயே கேட்டுக்கணும்.

இப்ப எத்தனை மாசம்ங்கிறதுக்கு வர்றேன். உங்க கன்னு இப்ப 70, 75 கிலோ பக்கம் இருக்கும்னு நினைக்கிறேன். தினம் சராசரி 700 கிராம் ஏறினா இன்னும் 18 மாசத்துல 450 கிலோவைத் தொடும். வெறும் புல்லுல விட்டா தினம் அரைக்கிலோ ஏறினாலே நல்ல மேய்ச்சல்னு அர்த்தம், அப்ப 24, 25 மாசம் ஆகும். ரெண்டுமே சரி தான், நிலம் நிறைய இருந்து அவசரம் இல்லைன்னா புல்லுலயே வளருங்க, கொழுப்பு மட்டும் மஞ்சளா இருக்கும், அது புல்லுல இருக்கிற கரோட்டின் நிறம், நோய்னு பயப்படாதீங்க.

எடை மெஷின் இல்லைன்னு கவலைப்பட வேணாம், தையல் டேப் போதும். முன்னங்காலுக்கு ஒட்டினாப்ல பின்னாடி நெஞ்சைச் சுத்தி ஒரு அளவு எடுங்க, தோள் முனையில இருந்து வாலுக்குப் பக்கத்துல துருத்தி நிக்கிற பின்பக்க இடுப்பு எலும்பு முனை வரைக்கும் நீளம் எடுங்க, ரெண்டும் சென்டிமீட்டர்ல. சுத்தளவை சுத்தளவால பெருக்கி, அதை நீளத்தால பெருக்கி, 10,840ஆல வகுத்தா கிலோ வந்துடும். சுத்தளவு 180, நீளம் 140னா 418 கிலோ. மாடு சமதரையில நாலு காலையும் நேரா ஊன்றி தலை நிமிர்ந்து நிக்கும்போது எடுக்கணும், காலையில தீவனம் வைக்கிறதுக்கு முன்னாடின்னா இன்னும் சரியா இருக்கும். மாசம் ஒரு தடவை எடுத்து நோட்டுல எழுதுங்க, ரெண்டு மாசம் தொடர்ந்து ஏறலைன்னா புழுவா தீவனமான்னு அப்பவே பிடிச்சுடலாம். அறுக்கிற வயசு வந்தா எடையை மட்டும் பார்க்காம வால் அடியையும் கடைசி விலாவையும் கையால அமுக்கிப் பாருங்க, விலா எலும்பு விரலுக்கு சுருக்குன்னு தட்டுச்சுன்னா இன்னும் சதை மேல கொழுப்பு மூடலை, கொஞ்சம் பொறுக்கணும்.

மாமனார் சொன்ன தீவனத்துக்கு வருவோம். பெரியவர் மேல எனக்கு மரியாதை உண்டு, ஆனா இந்த யோசனையை மட்டும் ஏத்துக்காதீங்க, ரெண்டு காரணம் இருக்கு.

ஒண்ணு, மாட்டோட வயிறு நம்ம வயிறு மாதிரி கிடையாது. அதோட முதல் வயிறு ஒரு பெரிய ஊறல் பானை, அதுக்குள்ள கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் நாரை உடைச்சு மாட்டுக்கு சத்தாக்குது, மாடு அசை போடப் போட எச்சில் இறங்கி அந்தப் பானையோட பிஎச்சை 6க்கும் 7க்கும் நடுவுல பிடிச்சு வைக்குது. கஞ்சி, சாப்பாடு, மாவு, தானியம்னு ஒரே நேரத்துல கொட்டினா ஸ்டார்ச் சட்டுனு புளிச்சு லாக்டிக் அமிலம் பெருகி பிஎச் 5க்குக் கீழ கூட போகும், நுண்ணுயிர்கள் சாகும், உடம்புல இருக்கிற தண்ணி எல்லாம் வயித்துக்குள்ள இழுத்துக்கும். ஒரு வீட்டுல ராத்திரி கயித்தை அவுத்துக்கிட்டுப் போன கன்னு ஒன்னு தானிய மூட்டையைக் கிழிச்சு வயிறு முட்டத் தின்னுடுச்சு, "நல்லா சாப்பிட்டிருக்கு"ன்னு காலையில சந்தோஷப்பட்டிருக்காங்க. மதியம் நான் போனப்ப பல்லைக் கடிச்சுக்கிட்டு தள்ளாடிக்கிட்டு நின்னுச்சு, கண்ணு உள்ள போயிருந்துச்சு, சாணி தண்ணியா புளிச்ச வாடையோட போய்க்கிட்டிருந்துச்சு. முடிஞ்சதெல்லாம் பண்ணியும் மறுநாள் விடியல்ல போயிடுச்சு. தானிய மூட்டை இருக்கிற ரூமுக்கு தாழ்ப்பாள் போடுங்க, கயிறு கட்டி வெச்சா பத்தாது.

ரெண்டாவது காரணம் இன்னும் பெருசு. மிச்ச சாப்பாட்டுல கறித்துண்டு, எலும்பு, கொழுப்பு எல்லாம் கலந்திருக்கும். மாடு தின்னக்கூடாத ஒண்ணு அது. 1986ல பிரிட்டன்ல கண்டுபிடிச்ச பைத்திய மாட்டு நோய் இறைச்சி எலும்புத் தூள் கலந்த தீவனத்தால தான் மந்தை மந்தையா பரவுச்சு, அந்த மாட்டைச் சாப்பிட்டது மனுஷங்களுக்கு வந்த மூளை நோயோட தொடர்புள்ளதுன்னு 1996ல அந்த அரசாங்கமே சொல்லுச்சு. இந்த நோயால தான் பல நாடுகள்ல மாட்டுத் தீவனத்துல இறைச்சி எலும்புத் தூள் கூடாதுன்னு சட்டமே வந்துச்சு. வீட்டுத் தட்டுல மிஞ்சினது எதுவும் கருப்பன் தொட்டிக்குப் போகக் கூடாது, காய்கறித் தோல் சுத்தமா இருந்தா கொஞ்சம் போடலாம், அவ்வளவு தான்.

சரி என்ன போடுறது? மொத்தத்துல மாடு தன் எடையில 2ல இருந்து இரண்டரை சதவீதம் உலர் பொருள் (தீவனத்துல தண்ணி போக மிஞ்சுறது) திங்கணும். 200 கிலோ கன்னுன்னா 5 கிலோ உலர் பொருள், பச்சைப் புல்லுல 80 சதவீதம் தண்ணிங்கிறதால புல்லுலயே கொடுத்தா 25 கிலோ வேணும். அதுல கொஞ்சத்தைக் குறைச்சு ஒன்னு, ஒன்றரை கிலோ அடர் தீவனம் (தானியம், தவிடு, புண்ணாக்கு கலவை) சேர்த்தா 700 கிராம் ஏத்தம் வரும். வெறும் வைக்கோல்ல புரதம் 3, 4 சதவீதம் தான், வயிறு நிரம்பும், சதை பிடிக்காது, பயறு வகைப் பசுந்தீவனமோ புண்ணாக்கோ சேர்க்கணும். கடைசி 3 மாசம் அடர் தீவனத்தை எடையில ஒரு சதவீதம் வரைக்கும் கூட்டலாம், ஆனா எந்த மாத்தமா இருந்தாலும் 2, 3 வாரத்துல படிப்படியா பண்ணுங்க, அந்த நுண்ணுயிர்களுக்குப் பழக அவ்வளவு நாள் பிடிக்கும். தாது உப்புக் கட்டி எப்பவும் நக்க இருக்கணும். தண்ணி எடையில 10ல ஒரு பங்கு தினம் குடிக்கும், வெயில் நாள்ல அதுக்கும் ரொம்ப மேல, தொட்டியைத் தேச்சுக் கழுவுங்க, நம்ம குடிக்கத் தயங்குற தண்ணியை அதுவும் கொஞ்சமா தான் குடிக்கும். பூஞ்சை பிடிச்ச தீவனத்தை "மாடு தானே"ன்னு போடாதீங்க, அந்த விஷம் ஈரலை அரிச்சுடும். இளசா இருக்கிற சோளப்பயிர்ல, அதுவும் வாடி நின்னு மறுபடி துளிர்த்ததுல, சயனைடு இருக்கும், மேய்ஞ்ச கொஞ்ச நேரத்துலயே விழுந்துடும். ஈரப் பயறுத் தழையை வெறும் வயித்துல மேய விட்டா வயிறு உப்பும், இடது பக்க விலாவுக்குப் பின்னாடி இருக்கிற பள்ளம் மேடாகி தட்டினா மேளம் மாதிரி சத்தம் வந்தா ஒரு நிமிஷம் கூட காத்திருக்காம டாக்டரைக் கூப்பிடுங்க. வேலி கட்டி மிஞ்சின கம்பித் துண்டு, ஆணி எல்லாத்தையும் பொறுக்கிடுங்க, மாடு நாக்கால வாரி முழுங்குற பிராணி, கம்பி ரெண்டாவது வயித்துல தங்கி இதயம் வரைக்கும் குத்திடும்.

ஊசி மருந்து கறியில இறங்குமான்னு கேட்டீங்க. இறங்கும், ஆனா குறிப்பிட்ட நாள்ல வெளியேறியும் போயிடும். ஒவ்வொரு மருந்து லேபிள்லயும் விலக்கு காலம்னு ஒண்ணு போட்டிருக்கும், கடைசி டோஸுக்குப் பிறகு அத்தனை நாள் கழிச்சு தான் அறுக்கலாம். நீண்ட நேரம் வேலை செய்ற ஆக்சிடெட்ராசைக்ளின் ஊசிக்கு 28 நாள், ஐவர்மெக்டின் ஊசிக்கு 35 நாள், சில லேபிள்ல அதுக்கும் மேலன்னு பார்த்திருக்கேன், கம்பெனிக்கு கம்பெனி மாறும், அதனால உங்க கையில இருக்கிற பாட்டிலைத் தான் படிக்கணும். எடை எழுதுற அதே நோட்டுல தேதி, மருந்து பேர், எவ்வளவு, எந்தத் தேதி வரைக்கும் அறுக்கக் கூடாதுன்னு எழுதி வைங்க. தடுப்பூசி உட்பட எந்த ஊசியா இருந்தாலும் கழுத்துல போடச் சொல்லுங்க, தொடையில வேணாம். ஊசி போட்ட இடத்துல கட்டி, தழும்பு விழுந்தா அந்தச் சதையை வெட்டி எறியணும், தொடையில தான் நல்ல கறியே இருக்கு.

இதுக்காக மருந்தே வேணாம்னு இருந்துடாதீங்க, சில பேர் "இயற்கையா வளர்க்கிறோம்"னு சொல்லிட்டு காய்ச்சல்ல கிடக்கிற மாட்டைச் சும்மா விட்டுடுறாங்க, அது எனக்குத் தாங்காது. கோமாரி, சப்பை நோய், தொண்டை அடைப்பான்னு உங்க பகுதியில எது எது வருதோ அதுக்குத் தடுப்பூசி போடுங்க, குடற்புழு மருந்து சாணியைப் பரிசோதிச்சுப் பார்த்து எடைக்கு ஏத்த அளவுல கொடுங்க. மேய்ச்சல் இடத்துல மனுஷங்க யாரும் மலம் கழிக்காம பார்த்துக்கோங்க, மாட்டுக்கறி நாடாப்புழு மனுஷ மலத்துல இருந்து தான் மாட்டுக்குப் போகுது, பிறகு அரைகுறையா வெந்த கறி வழியா திரும்ப நம்மகிட்டயே வருது. மைனஸ் 10 டிகிரில 10 நாள் உறைய வெச்சா அந்தக் கூடு செத்துடும், அரைச்ச கறியை உள்ள 71 டிகிரி வரைக்கும் வேக வைங்க.

எழுந்திருக்க முடியாம கிடக்கிற மாட்டையும், தானா செத்த மாட்டையும் எவ்வளவு நஷ்டமானாலும் சாப்பிடக் கூடாது. அதுலயும் நேத்து வரைக்கும் நல்லா இருந்த மாடு திடீர்னு செத்து மூக்கு, வாய், ஆசனவாய்ல உறையாத கருப்பு ரத்தம் வந்தா அது அடைப்பானா (ஆந்த்ராக்ஸ்) இருக்கலாம். தோலை உரிக்காதீங்க, வயித்தைத் திறக்காதீங்க, கிட்டயே போகாம அரசாங்கக் கால்நடை டாக்டரைக் கூப்பிடுங்க. திறந்தா அந்தக் கிருமி காத்து பட்டு கெட்டி ஓடு போட்ட விதை மாதிரி (ஸ்போர்) மாறி மண்ணுல பல வருஷம் உயிரோட கிடக்கும், மனுஷங்களையும் கொல்லும்.

பின்னாடி எண்ணிக்கிட்டே வந்து இந்த வாரத்துக்கு வந்துட்டோம். 2 மாசக் கன்னு தினம் ஒரு கிலோ கன்னுத் தீவனம் தொடர்ந்து 3 நாள் தின்னா பாலை நிறுத்தலாம், அதுக்கு முன்னாடி நிறுத்தாதீங்க. காயடிக்கிறதும் கொம்பு சுடுறதும் இப்பவே பண்ணிடணும், கொம்பு மொட்டு மண்டை எலும்போட ஒட்டிக்கிறதுக்கு முன்னாடி சுட்டா சின்னக் காயம், பிறகுன்னா ஆபரேஷன். ரெண்டுக்கும் மரத்துப் போற ஊசி போட்டு தான் பண்ணணும்னு டாக்டர்கிட்ட கறாரா சொல்லுங்க. காயடிக்காத காளை வேகமா வளரும்னு சொல்வாங்க, உண்மை தான், ஆனா உங்க வீட்டுல வேணாம். மனுஷங்க கையால தனியா வளர்ந்த காளைக்கு மனுஷங்களையும் தன் கூட்டமாவே நினைக்கிற பழக்கம் வந்துடும், வயசுக்கு வந்ததும் இன்னொரு காளைகிட்ட மோதுற மாதிரி ஆளுகிட்ட மோதும், பயமே இருக்காது அதுக்கு. மகள்கிட்ட ஒண்ணு கண்டிப்பா சொல்லுங்க, கன்னோட நெத்தியில கை வெச்சுத் தள்ளி முட்டி விளையாடக் கூடாது. இப்ப 70 கிலோ, சிரிப்பா இருக்கும், அதே விளையாட்டை 400 கிலோ விளையாடினா என்ன ஆகும்னு நினைச்சுப் பாருங்க. தாடைக்குக் கீழயும் கழுத்துலயும் சொறிஞ்சு விடச் சொல்லுங்க, அது அதுக்கு ரொம்பப் பிடிக்கும்.

முடிஞ்சா இன்னொரு கன்னு வாங்குங்க, இடம் இல்லைன்னா ஒரு ஆடாவது துணைக்கு விடுங்க. மாடு கூட்டத்துல வாழுற பிராணி, ஓரமா தனியா கட்டிப் போட்டா தீவனமும் குறைவா திங்கும், சின்ன சத்தத்துக்கும் மிரளும். கடைசி நாள்ல வண்டியில கூட ஒன்னு ஏறினா அது எவ்வளவு அமைதியா போகும்னு நீங்களே பார்ப்பீங்க.

இப்ப மகள். 18 மாசம் கழிச்சு அவ ஸ்கூல் போயிருக்கிற நேரமா பார்த்து கொண்டு போயிட்டு "ஓடிப் போச்சு", "வேற இடத்துக்கு அனுப்பிட்டோம்"னு மட்டும் சொல்லாதீங்க. அப்படிச் செஞ்ச வீட்டுப் பிள்ளைங்க வளர்ந்து பெரியவங்களான பிறகும் அதை மறக்காம என்கிட்டயே சொல்லியிருக்காங்க, மாடு போனதை விட பொய் சொன்னது தான் அவங்களுக்கு உறுத்துது. இந்த வாரமே, கருப்பன் பக்கத்துல உட்கார்ந்து, நேரா சொல்லுங்க: "இவனை நம்ம கறிக்காக வளர்க்கிறோம், பெருசானதும் அறுக்கப் போறோம், அது வரைக்கும் இவனுக்கு ஒரு குறையும் வைக்க மாட்டோம்." அழுதா அழட்டும், அழுகையை அடக்கச் சொல்லாதீங்க. கேள்வி கேட்டா தெரிஞ்சதுக்கு உண்மையைச் சொல்லுங்க, வலிக்குமான்னு கேட்டா மயக்கம் வர வெச்சுட்டு தான் பண்ணுவாங்கன்னு சொல்லுங்க, அப்படிச் செய்ற இடத்தைத் தேடிப் பிடிச்ச பிறகு தான் அந்த வார்த்தையைச் சொல்லணும். அன்னிக்கு வழியனுப்புறதா, வேணாமா, அந்தக் கறியைச் சாப்பிடுறதா, வேணாமான்னு அவளே முடிவு பண்ணட்டும், எது சொன்னாலும் கிண்டல் பண்ணாதீங்க, பெரியவங்களையும் பண்ண விடாதீங்க.

அவ கருப்பனை விட்டுக் கொடுக்கவே மாட்டேன்னு நின்னா, அதையும் இப்பவே தெரிஞ்சுக்கிறது நல்லது. அப்ப கருப்பனைக் கறிக் கணக்குல இருந்து எடுத்துடுங்க, அவளுக்கே விட்டுடுங்க, துணைக்குன்னு வாங்குற ரெண்டாவது கன்னைக் கறிக்கு வளருங்க, அது எதுக்காக வந்திருக்குன்னு வந்த அன்னிக்கே அவளுக்குத் தெரியட்டும்.